கங்கு அவியும்வரை வாளி சார்

ஆதி மனிதன் இரண்டு கல்லை உரசி முதன்முதலாக நெருப்பு உண்டாக்கினானே, அந்த இடத்தில் எங்கள் வாளி சார் இருந்திருந்தால் மனித குலம் இன்றைக்கும் பச்சைக் கறியைத்தான் தின்றுகொண்டிருக்கும். "தம்பி, கல்லக் கீழ போடுங்க. பக்கத்துல தண்ணி இருக்கா? மணல் இருக்கா? தலைக்கு மேல என்ன, கூரையா?" என்று ஆரம்பித்து, அந்த ஆதி மனிதன் வெறுத்துப்போய்க் குகைக்குள் திரும்பிப் படுத்துக்கொள்ளும்வரை விட்டிருக்க மாட்டார்.

கொடைக்கானலில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் பெயர் 'வியூ' என்று முடியும். என்ன வியூ என்று கேட்காதீர்கள். பாதி நாள் அது மேகத்துக்குள் இருக்கும், மீதி நாள் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். மூன்று மாடி, ஒவ்வொரு வீட்டுக்கும் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு பால்கனி. வீட்டுக்காரர்கள் எல்லாம் மதுரை, கோவை, சென்னை என்று கீழ்நாட்டில் இருப்பவர்கள். சனிக்கிழமை மத்தியானம் காரில் வந்து இறங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை கேரட்டும் பட்டர் ஃப்ரூட்டும் தைல பாட்டிலும் வாங்கிக்கொண்டு மலை இறங்கிவிடுவார்கள். வாரத்தின் மற்ற நாட்களில் அந்தக் கட்டடத்தில் மூச்சுவிடுகிறவர்கள் மூன்றே பேர்: வாளி சார், நான், பேத்துப்பாறையிலிருந்து வேலைக்கு வரும் வாட்ச்மேன் பாண்டி. நாலாவதாக ஒரு காட்டுமாடு அவ்வப்போது வந்து செடிகளை மேயும். அது சங்கத்தில் உறுப்பினர் இல்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு வண்ணப் படம். வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு, வீட்டு விளம்பரம் ஒன்றைப் பார்த்தேன். பால்கனியில் ஒரு குடும்பம். நடுவில் கரி அடுப்பு. கம்பி வலையில் கோழி. அப்பா சிரிக்கிறார், அம்மா சிரிக்கிறாள், பிள்ளைகள் சிரிக்கிறார்கள், உற்றுப் பார்த்தால் கோழிகூடச் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது. வீடு வாங்கினால் அந்தக் குடும்பத்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள் என்று மனதின் ஏதோ ஒரு மூலையில் நம்பியிருந்தேன் போலிருக்கிறது. என் மனைவி வந்து கொஞ்ச நாள் இருந்து பார்த்தாள். "குளிர் எனக்கு ஒத்துக்கலைங்க" என்று சொல்லிவிட்டு, பேரனைப் பார்த்துக்கொள்ள மதுரையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். குளிரை மட்டும் சொன்னது அவளுடைய பெருந்தன்மை.

அவள் போன பிறகு வந்த முதல் சனிக்கிழமை, படத்தில் இருந்தது மாதிரியே ஒரு கரி அடுப்பை வாங்கிவந்து பால்கனியில் வைத்தேன். உருளைக்கிழங்கு சுடுவதாகத் திட்டம். கரி பற்றவில்லை. ஊதினேன். தினசரிக் காலண்டரைக் கழற்றி விசிறினேன். ராகு காலமும் எமகண்டமும் பறந்தனவே தவிர ஒரு பொறி வரவில்லை. பெயின்டர்கள் விட்டுவிட்டுப் போன தின்னர் பாட்டில் கண்ணில் பட்டது. கொஞ்சம் ஊற்றினேன். 'புஸ்' என்று ஒரு சத்தம். பிறகு என் இடது புருவம் இருந்த இடத்தில் ஒரு வெதுவெதுப்பு.

அடுத்த நிமிடம் கதவு தட்டப்பட்டது. திறந்தால், மெரூன் கலர் குரங்குக் குல்லா, அதற்குக் கீழே ஒரு கறாரான மூக்கு, இரண்டு கையிலும் இரண்டு சிவப்பு வாளி. ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மணல்.

"தின்னரா?" என்றார். பார்க்கவில்லை. முகர்ந்தே சொன்னார்.

"கொஞ்சந்தான் சார்."

"ஆமா, புருவமும் கொஞ்சந்தான் போயிருக்கு."

உள்ளே வந்தார். ஸ்வெட்டர் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். ஒரு முனையை என் கையில் கொடுத்தார். புருவம் கருகிய நிலையில் நான் என் வீட்டையே அளந்துகொடுத்தேன்.

"அடுப்புக்கும் சுவத்துக்கும் நடுவுல பத்தடி இருக்கணும்."

"சார், பால்கனியே ஆறடிதான்."

"தெரியும்."

"அப்ப அடுப்ப எங்கன வைக்கிறது?"

கம்பித் தடுப்புக்கு அப்பால், மேகம் அடைத்துக்கிடந்த பள்ளத்தாக்கை ஒரு பார்வை பார்த்தார். "அந்தா, அங்கிட்டு நாலடி தள்ளி" என்றார்.

இத்தோடு போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. காய்ந்துகொண்டிருந்த என் லுங்கியைக் கொடியிலிருந்து உருவி உள்ளே எறிந்தார். பிளாஸ்டிக் நாற்காலியை அகற்றிவிட்டு மர நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார். பக்கத்துக்கு ஒரு வாளியாக வைத்துக்கொண்டு, அடுப்புக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க போங்க சார், நான் பாத்துக்கிறேன்."

"கங்கு அவியிற வரைக்கும் ஆளு இருக்கணும் தம்பி. நீங்க பாட்டுக்குக் குளிருதுன்னு அடுப்பத் தூக்கி பெட்ரூமுக்குள்ள வச்சுக்கிட்டுக் கதவச் சாத்திருவீங்க. கரிப்புகைக்கு மணமும் கெடையாது, சத்தமும் கெடையாது. காலையில பாண்டியும் நானும் கதவ ஒடைக்கணும். அந்தச் சோலி எங்களுக்கு வேணாம்."

உண்மையில் நான் அப்படித்தான் செய்வதாக இருந்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை. வெளியே கருகி உள்ளே பச்சையாக இருந்த உருளைக்கிழங்கை இருவரும் தின்றோம். பேசிக்கொண்டிருந்தோம். கங்கு அவிந்தது. அவர் சாம்பலில் தண்ணீர் தெளித்து, குச்சியால் கிளறி, புறங்கையைக் கிட்டே வைத்துப் பார்த்து, இன்னொரு தரம் தெளித்துவிட்டுத்தான் எழுந்தார். கதவைச் சாத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டுக்கு வந்தபின் முதல் தடவையாக வெளி மனிதர் ஒருவரோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

வாளி சார் ஒரு பள்ளி விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். போர்வைக்குள் மெழுகுத்திரி வைத்துப் படிப்பவன், குளியலறை வாளிக்குள் நெருப்பு மூட்டித் திருட்டுக் கேரட் சுடுபவன் என்று ஆயுள் முழுவதும் புகையைத் துரத்தியே வாழ்ந்தவர். மாடிப்படியில் நின்றே எந்த வீட்டில் மசாலா கருகுகிறது, எந்த வீட்டில் கம்பளி கருகுகிறது என்று சொல்லிவிடுவார். ஆசிரியையாக இருந்த அவர் மனைவி இறந்து இந்த ஊர்க் கல்லறையில்தான் இருக்கிறார். ஒரே மகள் திருச்சியில். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். வேறு யாரும் இங்கே இல்லை என்பது ஒன்றே அதற்குத் தகுதி. எதிர்த்து நிற்க நான் ஒருவன் இருந்தேன். நானும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன்.

பால்கனியில் கரி அடுப்பு மூட்டுவதற்கான விதிகளை அவரே எழுதி, மாடிப்படிச் சுவரில் ஒட்டியிருந்தார். மண்ணெண்ணெய், தின்னர், பெட்ரோல் ஊற்றிப் பற்றவைக்கக் கூடாது. மூங்கில் தட்டி, திரைச்சீலை, ஈரத் துணி, காய்ந்த துணி எதுவும் கிட்டே இருக்கக் கூடாது. கேஸ் சிலிண்டர் இருக்கும் பக்கம் அடுப்பைத் திருப்பக்கூடக் கூடாது. நைலான் ஜெர்கின் போட்டவர் கோழி திருப்பக் கூடாது. சாம்பலை அன்றே குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. இத்தனை 'கூடாது'களுக்குப் பிறகு கடைசியில் ஒரே ஒரு 'வேண்டும்': கங்கு அவியும்வரை அடுப்பின் அருகில் பொறுப்பான ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும்.

சுற்றுலா வருகிறவர்களில் பொறுப்பானவர் யார்? கோழி வெந்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிடுவார்கள். ஆகவே, மலையிலேயே பொறுப்பான மனிதர் என்று அவர் மதித்த ஒரே நபர் அந்த வேலைக்குப் போவார். அதாவது அவர்.

புதிதாக வருகிறவர்கள் முதல் தடவை முகம் சுளிப்பார்கள். யாரோ குரங்குக் குல்லா போட்ட பெரியவர் இரண்டு வாளியோடு வந்து பால்கனியில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் கோழி இறங்கும்? இரண்டாம் தடவை நாற்காலி போடுவார்கள். மூன்றாம் தடவை தட்டு வரும். அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டு ஆள். எந்தப் பெண் எந்தப் பரீட்சை எழுதுகிறாள், எந்தப் பையனுக்கு மாப்பிள்ளைச் சட்டை பற்றவில்லை, எவருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது எல்லாம் அவருக்கு அத்துபடி. இரண்டாம் மாடிக் கோயம்புத்தூர்க்காரர், மில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், சனிக்கிழமை வந்து இறங்கியதுமே வாசலில் நின்று கேட்பார்:

"ஏனுங்க பாண்டி, சார் மேல இருக்கறாருங்களா? அவரு வந்து உக்கார்ந்தாத்தானுங்க நம்ம கோழி வேகுது."

பாண்டி என்னிடம் கண்ணடிப்பார். "பாருங்க பேங்க் சார், செவ்வாக்கெழமை படியேற முட்டி வலிக்குதும்பாரு. சனிக்கெழமையான்னா வெள்ளனே எந்திரிச்சு, சவரம் பண்ணி, வாளியத் தொடச்சு வச்சுட்டு வாசலப் பாத்துக்கிட்டு இருப்பாரு. பொண்ணு பாக்க வாற வீடு மாதிரி."

"ஏலே பாண்டி, என்னடா அங்க சிரிப்பு?" என்று மேலேயிருந்து குரல் வரும்.

"ஒண்ணுமில்ல சார். மணல்ல ஈரம் இருக்கான்னு பேசிக்கிட்டு இருக்கோம்."

"இருந்தா வெயில்ல காய வை."

"வெயிலு எங்க சார் கெடக்கு?"

ஒரு நவம்பரில், கல்லறைத் திருநாளன்று, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அன்பினால் அல்ல. மெழுகுத்திரிப் பெட்டியும் செவந்திப் பூவும் ஒரு கையில் இருக்க, மணல் வாளியைத் தூக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுத்திரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாளியோடு நாங்கள் நுழைந்ததும், தண்ணீர் சப்ளைக்கு வந்தவர்கள் என்று முடிவுகட்டி, பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஐயா, இங்கிட்டுக் கொஞ்சம் ஊத்துங்க. எங்க மாமனாரக் கழுவணும்."

"எங்க பெரியப்பாவுக்கும் ஒரு செம்பு."

தீயணைக்கக் கொண்டுவந்த தண்ணீர் வாசலைத் தாண்டும் முன்பே எல்லார் வீட்டு மாமனார்களுக்கும் போய்விட்டது. அதைவிட என் நிலைமை மோசம். மணல் வாளியோடு நிற்கிறவன் ஊதுபத்தி குத்துவதற்காகத்தான் நிற்கிறான் என்று ஒரு அம்மா நினைத்துக் கொளுத்திக் குத்திவிட்டார். அவரைப் பார்த்து அடுத்தவர். அவரைப் பார்த்து வரிசை. தீத்தடுப்பு மணல் வாளி முள்ளம்பன்றி மாதிரி புகைந்துகொண்டிருக்க, நடுவில் நான் இருமிக்கொண்டு நின்றேன்.

மேகம் இறங்கத் தொடங்கியதும் கூட்டம் கலைந்தது. வாளி சார் மட்டும் மனைவியின் கல்லறைக்கு எதிரே, பக்கத்துக் கல்லறை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மெழுகுத்திரிகள் எரிந்து இறங்கிக்கொண்டிருந்தன. காற்றில் ஒன்று அணைந்தது. சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி எடுத்து அதைத் திரும்பப் பற்றவைத்தார். அந்த மனிதர் தன் கையால் தீக்குச்சி உரசியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சார், கெளம்புவோமா? குளிருது."

"இருங்க தம்பி. பேசிக்கிட்டு இருக்கும்போது பாதியில எந்திரிச்சுப் போறது மரியாதை இல்ல."

சுற்றிப் பார்த்தேன். அங்கே யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இனி நெருப்புக்கு வருகிறேன். இத்தனை காலம் வாளியோடு காத்திருந்த மனிதருக்கு அது கடைசியில் வந்தே விட்டது.

ஒரு சீசன் சனிக்கிழமை, பொழுது சாயும் நேரம். கோயம்புத்தூர்க்காரர் பால்கனியில் கோழி. விதிகள் அத்தனையும் சரி. தட்டியைக் கழற்றியாயிற்று, துணி இல்லை, சிலிண்டர் வேறு பக்கம். வாளி சார் நாற்காலியில், நான் அவருக்கு அருகில், கோழிக்கு மிக அருகில். நேர் மேல்மாடியில் மதுரை டாக்டரம்மாவின் பால்கனி. அவருடைய பேத்தி, சின்னஞ்சிறிசு, கம்பிக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு, "பக்கெட் தாத்தா, பக்கெட் தாத்தா" என்று கையாட்டிக்கொண்டிருந்தது. பால் குடிக்க யாரோ உள்ளே கூப்பிட்டார்கள். ஓடியது.

திடீரென்று பள்ளத்தாக்கிலிருந்து ஒரு காற்று ஏறியது. கரியிலிருந்து பொறிகள் கிளம்பின. ஒரு பொறி, ஒன்றே ஒன்று, மேல்மாடியில் சுருட்டிக் கட்டியிருந்த மூங்கில் தட்டியில் போய் ஒட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டி பற்றியது.

முட்டி வலிக்காரர் தண்ணீர் வாளியோடு படியேறிய வேகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நானும் என் பங்குக்கு வீரம் காட்டினேன். மணல் வாளியைத் தூக்கி, கம்பித் தடுப்புக்கு வெளியே எட்டி, மேல்நோக்கி முழு பலத்தோடு வீசினேன். மேலே வீசினால் கீழே வரும் என்பது பற்றி வங்கியில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்ததில்லை. பாதி மணல் கோழி மேல், பாதி கோயம்புத்தூர்க்காரர் தலை மேல்.

"ஏனுங்க," என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு, மிகவும் மரியாதையாக, "நெருப்பு மேலயுங்க."

மேலே 'சளார்' என்று ஒரு சத்தம். நெருப்பு அவிந்தது. டாக்டரம்மா வீட்டு வரவேற்பறை முழுக்க ஈரக் காலடி. பேத்தி பால் தம்ளரோடு நின்று, "இன்னொரு தடவ ஊத்துங்க தாத்தா" என்று கேட்டதாம். சேதம் ஒரு தட்டி, ஒரு கோழி. எல்லோரும் வாளி சாரைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. வெறும் வாளியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்.

ஊருக்குப் போனதும் டாக்டரம்மா சங்கத்தின் வாட்ஸப்பில் எழுதினார்: பால்கனியில் கரி அடுப்பையே அடியோடு தடை செய்ய வேண்டும். கோயம்புத்தூர்க்காரர் எதிர்த்தார்: அதுவும் இல்லையென்றால் கொடைக்கானலுக்கு எதற்கு வருவது? வீட்டுக்காரர்கள் இரண்டு கட்சியானார்கள். வீடியோ கூட்டம் போட்டு ஓட்டெடுப்பது என்று முடிவாயிற்று. சமமாக வந்தால் செயலாளர் ஓட்டுத்தான் தீர்மானிக்கும்.

தடை வந்தால் சனிக்கிழமை வாளி சார் எந்த வீட்டில் போய் உட்காருவார்? கூட்டத்துக்கு முன்தினம் அவர் வீட்டுக்குப் போய், சுற்றிவளைத்துப் பேசிப்பார்த்தேன்.

"சார், விதிய இன்னும் கொஞ்சம் கறாராக்கிருவோம். வாளி நாலாக்கிருவோம். தடையெல்லாம் எதுக்கு?"

"தம்பி, அன்னைக்கு என்ன தப்பு நடந்துச்சு?"

"ஒரு தப்பும் நடக்கல சார். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"அதத்தான் நானும் யோசிச்சுப் பாக்குறேன். எல்லாம் சரியா இருந்துச்சு. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அப்பயும் புடிச்சிருச்சு. பத்தடி இருக்கணும்னு சொன்னேன், ஆறடியில எரியவிட்டேன். ஏன் விட்டேன்?"

பதில் இருவருக்கும் தெரியும்.

"சனிக்கெழமை என்ன செய்வீங்க சார்?" என்று கேட்டேவிட்டேன்.

குல்லாவை எடுத்து மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தார். "எனக்கு நாலு பேரோட பேசிக்கிட்டு இருக்கணுங்கிறதுக்காக அந்தப் புள்ள தலைமேல பொறி விழணுமா?" என்றார்.

கூட்டம் கீழ்த்தள ஹாலில் நடந்தது. அதாவது, நாங்கள் மூன்று பேரும் ஒரு கம்ப்யூட்டரும். மற்றவர்கள் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் இருந்தார்கள். சென்னைக்காரர் ஒருவர் மியூட்டை எடுக்காமலே கடைசிவரை ஆவேசமாகப் பேசினார். அன்றைக்குப் பேசினதிலேயே அதுதான் உருப்படியான பேச்சு என்று பாண்டி சொன்னார். ஓட்டுகள் சமமாக வந்தன. வாளி சார் எழுந்து நின்று, விடுதியில் பிரார்த்தனை சொல்கிற குரலில், "தடை" என்றார். கோயம்புத்தூர்க்காரர் கட்டத்துக்குள்ளிருந்து, "சார், நீங்களுமுங்களா?" என்றார். வாளி சார் ஹாலைவிட்டு வெளியே நடந்தார். மாடிப்படிச் சுவரிலிருந்த பழைய விதிகளைத் தன் கையாலேயே பிய்த்தார். புதிதாக ஒட்டியதில் ஒரே வரி: பால்கனியில் கரி அடுப்பு மூட்டக் கூடாது.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் கார்கள் வந்தன. மின்சார அடுப்பில் வீட்டுக்குள்ளேயே சமைத்தார்கள். பிரியாணி வரவழைத்தார்கள். குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். யாருக்கும் அவர்மேல் கோபமில்லை. படியில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களா சார்" என்று கேட்டார்கள். ஆனால் கேள்வி முடிவதற்குள் படியேறிப் போயிருப்பார்கள். வாளி சார் சவரம் செய்துகொண்டு, இரண்டு வாளியோடு மாடி மாடியாக ஒரு சுற்று வருவார். மூடிய கதவுகள். உள்ளே டிவி சத்தம். இறங்கிவிடுவார்.

பாவம், கடைசியில் என் வீட்டுக்கு வந்து கொசுவத்தியைச் சோதனை போட ஆரம்பித்தார். அந்தக் குளிரில் கொசுவே கிடையாது. அவர் வருவாரே என்று நான்தான் வாங்கி வைத்தேன். கொசுவத்திச் சுருள் எரிந்து முடிய எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வகையில் அது கோழி சுடும் கரியைவிடச் சிறந்தது. என்றாலும் இரண்டு கிழவர்கள் ஒரு கொசுவத்தியைப் பார்த்துக்கொண்டு எத்தனை வாரம்தான் பேச முடியும்?

"பேங்க் சார், மனுசன் மெலிஞ்சு போயிட்டாரு, பாத்தீங்களா?" என்றார் பாண்டி ஒருநாள். "நேத்து என்னைய நிறுத்தி, பீடி குடிக்கிறியாலேன்னு கேட்டாரு. இல்ல சார், விட்டுட்டேன்னேன். மொகம் வாடிப்போச்சு."

அந்த வாரமே நானும் பாண்டியும் வேலையில் இறங்கினோம். கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கு அருகில், ஒரு சிமென்ட் தளம் சும்மா கிடந்தது. மேலே கூரை இல்லை, மரக்கிளை இல்லை, எந்தப் பால்கனியும் இல்லை. பைன் ஊசிச் சருகைக் கூட்டி அள்ளினோம். கல் அடுக்கினோம். அதாவது பாண்டி அடுக்கினார், நான் மூச்சு வாங்கினேன். என் பழைய கரி அடுப்பை நடுவில் வைத்துவிட்டு, அவரை ஆய்வுக்குக் கூப்பிட்டோம்.

டேப்போடு வந்தார். நாலு பக்கமும் அளந்தார். ஈர விரலைத் தூக்கிக் காற்றைப் பார்த்தார். "சருகு ஓரத்துல கெடக்கு" என்றார். அள்ளினோம். "காட்டுமாடு வந்தா?" என்றார்.

"அதுக்கும் ஒரு தட்டு வச்சிருவோம் சார்" என்றார் பாண்டி.

"சரி, யாரு உக்காருறது? கங்கு அவியிற வரைக்கும்?"

"எனக்கு முதுகு வலி சார்" என்றேன் நான்.

"எனக்கு கேட்டுல சோலி கெடக்கு" என்றார் பாண்டி.

வாளி சார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பொய் சொல்லும் பையன்களை ஆயுள் முழுக்கப் பார்த்தவர். பிறகு வாளி எடுத்துவர மாடிக்குப் போனார். அன்றைக்கு மட்டும் படியை வெரசாகவே ஏறினார்.

முதல் சனிக்கிழமை யாரும் இறங்கி வரவில்லை. மேகம் கொட்டிக்கிடந்தது. நாங்கள் மூவரும் மக்காச்சோளம் சுட்டுத் தின்றோம். அடுத்த வாரம் கோயம்புத்தூர்க்காரர் காதுவரை மப்ளர் சுற்றிக்கொண்டு, மசாலா தடவிய கோழியோடு இறங்கினார். "மணல் போடற சாரு தள்ளி உக்காருங்கோ" என்று என்னை ஓரமாக அனுப்பினார். டாக்டரம்மாவின் பேத்தி தூரத்தில் நின்று கையாட்டியது. பிறகு சில வாரம் கூட்டம் இருந்தது, சில வாரம் இல்லை. இல்லாத வாரங்களிலும் அவர் சவரம் செய்துகொண்டுதான் வந்தார்.

போன குளிர்காலத்தில் அவருக்கு மூச்சு திணறத் தொடங்கியது. மலை உயரம் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருச்சியிலிருந்து மகள் கார் எடுத்து வந்தாள். போகும் வழியில் கல்லறைத் தோட்டத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். ஆனால் மெழுகுத்திரி ஏற்றவில்லையாம். ஏற்றினால் முடியும்வரை உட்கார வேண்டும், மகளுக்கோ இருட்டுவதற்குள் மலை இறங்கியாக வேண்டும். வாளிகளை எனக்கு விட்டுப் போனார். திருச்சியில் ஒன்பதாம் மாடி. மகள் வீட்டில் சமையல்கூட மின்சார அடுப்பில். எரிவது என்று அந்த வீட்டில் ஒன்றுமே இல்லை.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் நான் கீழே இறங்கிக் கொஞ்சம் கரி மூட்டுகிறேன். பல வாரம் நான் மட்டும்தான். எதையாவது கருக்கித் தின்பேன். பொழுது சாய்ந்ததும் போன் வரும்.

"தம்பி, மூட்டியாச்சா? தண்ணி பக்கத்துல இருக்கா?"

"இருக்கு சார்."

"கங்கு எப்படிக் கெடக்கு?"

"நல்லாச் செவந்து கெடக்கு சார்."

"அப்ப எந்திரிக்காதீங்க. அவியிற வரைக்கும் நானும் லைன்ல இருக்கேன்."

அப்புறம் பேசுவார். பேரனுக்குத் தமிழ் எழுத்து கோணலாக வருவது, லிஃப்டில் யாரும் யாரையும் பார்க்காமல் நிற்பது, திருச்சி வெயிலில் குல்லாவைப் போட முடியாதது. நானும் பேசுவேன். என் மனைவி வருவதாகச் சொன்னது, வராதது, பாண்டி திரும்பவும் பீடி பிடிப்பது. நடுநடுவே கேட்பார்.

போன வாரமும் கேட்டார். "தம்பி, கங்கு அவிஞ்சிருச்சா?"

குனிந்து பார்த்தேன். அது அவிந்து வெகுநேரமாகியிருந்தது. மேகம் இறங்கி, சாம்பல் நனைந்து கருத்துக்கிடந்தது. புறங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது.

"இன்னும் இல்ல சார்" என்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"சரி தம்பி," என்றார். "பொறுமையா அவியட்டும்."